பதினேழாம் கிணறு

முதுநகரில் இருபத்திரண்டு கிணறுகள்.
இருபத்தொன்று சொன்ன பேச்சைக் கேட்டன.
கடலிலிருந்து தூரம் கூடக் கூட
உப்பு குறைந்தது;
வரைதாளில் புள்ளிகள்
ரேஷன் கடை வரிசைபோல
ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

பதினேழு மட்டும்
மேலே, தனியாக,
கைகட்டி நின்றது.

கருவி பழுதாயிருக்கும் என்றேன்.
அளவு தெரிந்த கரைசலில் தோய்த்தேன்,
எண் பிசகவில்லை.
குப்பி அழுக்காயிருக்கும் என்றேன்.
வடிநீரில் மூன்று முறை அலசி
மறுபடி மொண்டேன். அதே எண்.
அழித்துவிட்டால் கோடு அழகாக வரும்.
அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
அந்த மதியம் எவ்வளவு நீளம் என்று
யாரிடமும் சொன்னதில்லை.

கிணற்றுக்கு நாற்பதடியில் ஐஸ் ஃபேக்டரி.
உப்புக் கரைசலில் தகர டப்பாக்களை இறக்கி
மீனுக்குப் பாளம் உறைய வைக்கிற இடம்.
தொட்டி ஒழுகுகிறது, வேறென்ன!
அறிக்கையில் வாக்கியமே எழுதிவிட்டேன்.
முகத்திலும் எழுதியிருந்ததோ என்னவோ,
மேலாளர் தனகோட்டி
என்னைக் கண்டதும் கேட்டைச் சாத்தினார்.

ஆனால் உப்பளத்து உப்புக்கு ஒரு குணம்:
பாத்தியில் விளையும்போது
புரோமைடைக் கசப்பு நீரிலேயே விட்டுவிட்டு வரும்.
கடல் அப்படியில்லை,
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும்.
ஆகவே புரோமைடு குறைந்திருந்தால் ஃபேக்டரி;
குறையாவிட்டால் நான் எழுதியது பொய்.
இதை முதலில் தாளில் எழுதித் தேதி போட்டேன்.
பிற்பாடு மனம் சாயும்,
என் மனம் எனக்குத் தெரியும்.

குப்பிகளில் பெயரைக் கிழித்துவிட்டு
அ, ஆ, இ என்று ஒட்டிப்
புதுச்சேரிக்கு அனுப்பினேன்.
எது எந்தக் கிணறு என்று லூர்து செலினுக்குத் தெரியாது.
தெரிந்தால் அவளும் எனக்கு நல்லது நினைப்பாள்.

எட்டாம் நாள் ஃபோன்:
"ஈ-யில் புரோமைடு தாராளம். கடல்தான்."
ஈ என்பது பதினேழு.

வாக்கியத்தை அடித்தேன்.
தனகோட்டியிடம் போய்ச் சொன்னேன்.
கேட்டைத் திறக்கவில்லை,
இடுக்கு வழியே தலையாட்டினார்.

கிணற்றுக்காரி மெஹரூன், இட்லிக் கடை போட்டிருப்பவள், கேட்டாள்:
"அப்போ உப்பு எங்கேருந்துதான் வருது?"
"தெரியல."
"மூணு மாசமா மொண்டு மொண்டு, தெரியலையா?"
"மூணு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்துச்சு.
இப்பதான் தெரியல."

சிரித்தாள்.
பிறகு பருப்புக் கதை வந்தது:
சில நாள் வெண்ணெயாய் வேகும், சில நாள் கல்.
பருப்புக் கடையை மாற்றினாள், அடுப்பை மாற்றினாள்,
இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியதால்
எது பலித்தது என்று புரியாமல்
வேகாத நாளையெல்லாம் காலண்டரில்
கரியால் சுழித்து வைத்திருக்கிறாள்.

சுழிகளை எண்ணினேன்.
அமாவாசையை ஒட்டி நான்கு,
பௌர்ணமியை ஒட்டி மூன்று,
அஷ்டமியில் ஒன்று.

நான் மொண்டதோ மாதம் ஒருமுறை,
சம்பளம் வந்த மறுநாள்.
மூன்று புள்ளிக்குள் நிலவு அகப்படாது.
கடல் என்றால் கிழக்கு என்று
அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்;
விலாப் பக்கம் உப்பனாறு,
ஓதம் ஏறும்போதெல்லாம் பின்னோக்கி ஓடிக்கொண்டு,
பெயரிலேயே சொல்லிக்கொண்டு.

பெயர் சாட்சியாகாது.
ஏழு சுழியும் சாட்சியாகாது.
அந்த அஷ்டமிச் சுழி வேறு என்னை முறைக்கிறது.

இன்று அமாவாசை. பத்தரை மணிக்குத் தொடங்கினேன்.
டார்ச், கயிறு, இருபத்தைந்து குப்பிகள்,
மணிக்கு ஒன்று.
பாலத்தடியில் கம்பு நட்டு
வேதியப்பன் நீர்மட்டம் குறிக்கிறான்;
விடியும்வரை எனக்கு ஃபோன் செய்யாதே
என்று சொல்லியிருக்கிறேன்.
ஆறு ஏறியும் கிணறு அசையாவிட்டால்
இதுவும் தவறு.
அதற்கும் தேதி போட்டாயிற்று.

மெஹரூன் உளுந்தை ஊறப் போட்டுவிட்டு
ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்க்கிறாள்.
"என்ன காட்டுது?"
"மூணு எண்தான் ஆச்சு."
"மூணு போதாதா?"

கயிற்றை இறக்குகிறேன்.
இருட்டுக்குள் எங்கோ
வாளி தண்ணீரைத் தொடுகிறது.